ஐந்தாவது கேள்வியை நீக்கச் சொல்கிறார்கள், ஜெசி

என் ஜெசிக்கு,

நீ இருக்கும் இடத்திலாவது இந்த வெயில் இருக்காது என்று நினைத்துக்கொள்கிறேன். உன் ஸ்கூட்டியை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். பிரேக் பிடிப்பதே இல்லை. இதை வைத்துக்கொண்டா பல்லடம் ரோட்டில் என்னைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டினாய்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா?

களைப்பாக இருக்கிறது. லைன் வீடு லைன் வீடாக நாம் அலைந்து கேட்டு வந்த பதில்கள் எல்லாம் கணினியில் ஏறிவிட்டன. பனியன் கம்பெனிப் பெண்கள் தங்களுக்காக எவ்வளவு தூரம் வாய் திறப்பார்கள் என்பதை இனி நான் அறிக்கையாக எழுத வேண்டும். நீ இருந்தால் பாதியை உன் தலையில் கட்டியிருப்பேன்.

அந்த ஏணிக் கணக்கு நினைவிருக்கிறதா? பாத்ரூம் போகப் பயப்படாமல் கேட்பீர்களா, உடம்பு முடியாவிட்டால் லீவு கேட்பீர்களா, நைட் வேலைக்கு முடியாது என்பீர்களா, சூப்பர்வைசர் திட்டினால் திருப்பிக் கேட்பீர்களா, கடைசியாக, பிடிக்காவிட்டால் வேலையை விட்டுப் போவீர்களா. சுலபமானதில் தொடங்கிக் கடினமானதில் முடிகிற ஐந்து படிகள். மேல்படிக்கு ஆமாம் என்றவள் கீழ்ப்படிகளுக்கும் ஆமாம் என்றிருக்க வேண்டும். மூன்று ஆமாம் என்றால் அவை முதல் மூன்றுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். படி தாண்டிக் குதித்த பதிலுக்குப் பிழை என்று பெயர். பிழை கொஞ்சம் என்றால் ஏணி நிற்கும், மிஞ்சினால் விழும். பயிற்சியில் இதைச் சொன்னபோது நீ அழகாகத் தூங்கினாய்.

ஏணி விழுந்துவிட்டது, ஜெசி. முதல் நான்குக்கும் இல்லை, ஐந்தாவதுக்கு மட்டும் ஆமாம். பக்கம் பக்கமாக இதே பதில்தான்.

சாமளாபுரத்திலிருந்து செக்கிங் வேலைக்கு வருவாரே, அந்த அக்காவை மறந்திருக்க மாட்டாய். "லீவு கேக்கோணும்னா அவிய மூஞ்சியப் பாக்கோணுமுங்க. அது நம்மால ஆகாதுங்க. சனிக்கெழம சம்பளத்த வாங்கீட்டு, திங்கக்கெழம வேற கம்பெனிக்குப் போயிக்குவனுங்க" என்றார். திரும்பும் வழியெல்லாம் நீ அதையே சொல்லிச் சிரித்தாய். "ஏட்டி கோமதி, கேக்கதுக்குத்தான் தைரியம் வேணும். போறதுக்கு டிபன் பாக்ஸ எடுத்தாப் போதும்."

சென்னையிலிருந்து ஆய்வு ஒருங்கிணைப்பாளர் போன் செய்தார். நல்ல மனுஷன், கோபப்படவும் தெரியாது. ஐந்தாவது கேள்வியை நீக்கிவிட்டால் நம் ஏணி அளவுகோல் விழாமல் நிற்கும் என்றார். அதையே முதல் படியாக வைத்தால் என்ன என்று கேட்டேன். வைத்துப் பார்த்தாராம். அப்போது கம்பெனி ஹாஸ்டலில் தங்கும் பெண்களின் பதில்கள் சரிகின்றன. அவர்களுக்கு வார்டன் சொல்லாமல் கேட் திறக்காது. ஒருத்திக்கு முதல் படியாக இருப்பது இன்னொருத்திக்குக் கடைசிப் படி.

நீக்கிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அந்த அக்காவுக்கு நான்கும் இல்லை, அதாவது பூஜ்யம். எங்களிடம் யாருக்கும் குறையே இல்லை என்று கம்பெனிக்காரர்கள் சொல்வதற்கு நம் அறிக்கையே சாட்சியாகிவிடும். போனவர்கள் ஏன் போனார்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

"இத்தன பேரு ஒரே மாதிரி சொன்னா, அது பிழைங்களா?" என்று கேட்டேன்.

அவர் சொன்னதையே திரும்பச் சொன்னார். "அப்புறம் அளவுகோல் நிக்காதுங்க, மேடம்."

"நிக்காட்டிப் போகட்டுமுங்க."

நீங்களே எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம் என்று வைத்துவிட்டார். எழுதிக்கொண்டிருக்கிறேன். இங்கே ஒரே ஏணி இல்லை, கேட்காமலே போகிறவர்கள் இருக்கிறார்கள் என்று எழுதுகிறேன். ஏற்பார்களா, தெரியவில்லை. சண்டை போடவும் தெம்பில்லை.

இதை எழுதும்போதுதான் ஒன்று தோன்றியது. நம்மில் யாராவது உன்னிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டோமா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாயுத் தொல்லை என்றாய். ஒரு நாள் லீவு கேட்டாயா? இன்றைக்கு முடியவில்லை, நீ போய்விட்டு வா என்று என்னிடமாவது சொன்னாயா? அது வாயு இல்லை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதானே எங்களுக்கே தெரியும். நான்குக்கும் இல்லை. ஐந்தாவதுக்கு மட்டும் ஆமாம் என்றுவிட்டு ஒரேயடியாகப் போய்விட்டாய். உன்மேல் எனக்குக் கோபம், ஜெசி. இன்னும் ஆறவில்லை.

உன் மகள் ப்ரீத்தி பெருமாநல்லூர் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். எப்படி இருக்கிறாய் என்றால் "நல்லாருக்கேன் சித்தி" என்கிறாள். அச்சு அசல் உன் குரல். போன வாரம் முகம் வெளுத்திருந்தது. அப்போதும் நல்லாருக்கேன்தான்.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். அவள் வாய் திறந்து கேட்கட்டும் என்று நான் காத்திருக்க மாட்டேன். திங்கட்கிழமை அவளை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். அவளுக்கு லீவும் நானே கேட்டுவிட்டேன்.

உன் மகளுக்குச் சித்தி,
கோமதி