கோஸ்தான் விளக்கு

தம்பின் தோட்டத்து வீடு

அன்பு மகன் ஆரோனுக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் நானும் அப்பாவும் மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம், உன்னையும் அந்த நியூசிலாந்துக் குளிரில் ஆண்டவர் சுகமாக வைத்திருக்கட்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். பக்கவாதத்தில் வாய்தான் அடைத்துப்போனது, காது இன்னும் பாம்புக் காதுதான்.

போன ஞாயிறு ராசா டவுனிலிருந்து உன் தங்கை ரேச்சல் வந்தாள், மீன் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டுச் சாயங்காலமே கிளம்பிவிட்டாள், பாவம் அவளுக்கும் வேலை. பக்கத்து வீட்டுத் தாயம்மாவும் மகனோடு டவுனுக்குப் போய்விட்டாள், இப்போது இந்த வரிசையில் அடுப்பு எரிகிற வீடு நம்முடையது மட்டும்தான். குழம்பில் உப்பு போதுமா என்று நானே கேட்டு, போதும் எல்சி என்று நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். சிரிக்காதே. ஆள் இருக்கிற வீட்டில் தனியாக இருப்பது ரொம்பக் கஷ்டமடா.

நீ ஃபார்ம் ஃபைவ் படிக்கும்போது வாங்கிய ரிமோட் புல்டோசரை, கை பழகட்டும் என்று அப்பாவிடம் எடுத்துக் கொடுத்தேன். தோட்டத்தில் மறுநடவுக்கு மண் தள்ளிய மனிதரல்லவா, நாளெல்லாம் அதை ஹாலில் ஓட்டுகிறார். மழைக்கு ஹால் இருட்டிவிடுகிறது, வண்டி கட்டிலுக்கு அடியில் போனால் தெரிவதில்லை. டார்ச் லைட்டைக் காட்டிக் காட்டி வண்டியின் மூக்கைத் தட்டினார். துரைக்கு விளக்கு வேண்டுமாம். தம்பினில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் புனிதன் குட்டி விளக்குகள் கொடுத்தான், முன் விளக்கை பேட்டரியோடும் பின் விளக்கை மோட்டார் வயரோடும் சேருங்கள் ஆன்ட்டி, விளக்கின் இரண்டு கம்பியில் நீட்டுக் கால் குட்டைக் கால் மாறினால் பின் விளக்கு ஏறுக்குமாறாக எரியும் என்றான். நீ விட்டுப்போன சூட்டுக்கோலால் ஈயம் பற்றவைத்து, விரலையும் சுட்டுக்கொண்டேன்.

முன் விளக்கு இரண்டும் அழகாக எரிந்தன. ரிவர்ஸ் எடுத்தால் எரிய வேண்டிய அந்தப் பின் விளக்கு, கோஸ்தான் விளக்கு மட்டும், வண்டி பின்னால் வரும்போது அணைந்து, முன்னால் போகும்போது பளிச்சென்று எரிந்தது. அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ரிமோட்டை மடியில் போட்டுவிட்டு, "கோஸ்தான்... கோஸ்தான் எடுத்தாத்தான்லா எரியணும், எல்சி!" என்றார். ஆரோன், என் பெயரைச் சொன்னார். கோணல் வாயில் குழறித்தான் வந்தது, ஆனாலும் என் பெயர். அடுப்படிக்குப் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தேன்.

வந்தவள் சும்மா இருந்தேனா, உடனே கால்களை மாற்றிச் சரியாகப் பற்றவைத்தேன். இப்போது எல்லா விளக்கும் ஒழுங்காக எரிகிறது, அவரும் பழையபடி வாய் திறக்காமல் ஓட்டுகிறார். நேற்று வேண்டுமென்றே சீனி போடாத காப்பியைக் கொடுத்தேன், அதையும் மறுபேச்சில்லாமல் குடித்துவிட்டார்.

காதை மூடிக்கொண்டு வெளியே போ, ரொட்டியையே தின்னாமல் சோறு ஆக்கிச் சாப்பிடு. மாதா உன்னை நிழல்போல் காக்கட்டும், எங்கள் இருவர் ஆசியும் உனக்கு உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. வாராவாரம் கூப்பிட்டு எப்படி இருக்கீங்கப்பா என்று கேட்கிறாய், அவர் தலையாட்டுகிறார், நீ வைத்துவிடுகிறாய். இனி நலம் விசாரிக்காதே. புல்டோசரைப் பற்றி எதையாவது தப்புத் தப்பாகச் சொல். திட்டுவதற்காவது உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா
எல்சி அமலதாஸ்