அக்காவின் ரிப்போர்ட்

மார்ச் 3, செவ்வாய்
எங்கள் மருத்துவமனைச் செயலியைப் பார்வையற்றவர்களும் பயன்படுத்தலாம் என்று மீட்டிங்கில் மார்தட்டினேன். கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து, கண் தெரியாத அக்காவின் போனில் போட்டுக் கொடுத்தேன். திரையைப் படித்துச் சொல்லும் குரல் ஆரம்பித்தது: "பட்டன். பட்டன். பட்டன்."

"எந்தப் பட்டன்டா?" என்றாள்.

ஆபீஸ் விண்டோஸ் கணினியில் ஒழுங்காகப் படித்ததே! அக்காவிடம் இருப்பது ஆண்ட்ராய்டு. எனக்குத் தெரியாதா என்ன? வாங்கிக் கொடுத்த மகானே நான்தான்.

மார்ச் 5
திரையில் உள்ள எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துவிட்டேன். இப்போது "நீல நிறக் கோடு, சிரிக்கும் டாக்டர் படம்" என்று ஒன்றுவிடாமல் ஒப்பிக்கிறது.

"உன்னை மாதிரியே தொணதொணக்குது. என் ரிப்போர்ட் வர்ற இடம் எங்கடா?"

மார்ச் 6
வரும் புதன்கிழமை அவளுடைய பரிசோதனை முடிவு வருகிறது. நானே படித்துச் சொல்கிறேனே என்றேன்.

"போன தடவை நீதான் படிச்ச. பாதியில உன் குரல் மாறிடுச்சு. அப்புறம் எல்லாம் நார்மல்னு சொன்ன. இந்தத் தடவை நான்தான் முதல்ல கேப்பேன்."

அன்று ஒரு வரியை விழுங்கினேன். பத்து நாள் கழித்து டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டாள். இன்றைக்கு முன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 9
திரையைத் துண்டால் மூடிவிட்டு நானே முயன்றேன். நான் எழுதிய செயலியில் நானே தொலைந்துபோனேன். ரிப்போர்ட்டைத் தேடப்போய் யாரோ ஒரு பல் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறேன்.

ஐபோனில் வேறு கூத்து. முதலில் எண்களை எல்லாம் வாசித்துவிட்டு, அப்புறம் பரிசோதனைகளின் பெயர்களை வாசிக்கிறது. எது எதோடு சேரும்?

"இதையெல்லாம் எத்தனை பேர் யூஸ் பண்ணப்போறாங்க?" – மேனேஜர்.

"எங்க வீட்ல ஒருத்தர் இருக்காங்க சார்."

மார்ச் 10
ஐபோன் சரி. ஆண்ட்ராய்டு மறுபடி மக்கர். ஏன்டா இந்த வேலைக்கு வந்தேன்?

மார்ச் 11, புதன்
காலையில் ஆண்ட்ராய்டும் வழிக்கு வந்தது. மதியம் ரிப்போர்ட் வந்தது. அக்கா இயர்போனை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தினாள். நான் வெளியே குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். ஏழு நிமிடம்.

"நல்லா படிக்குதுடா. எங்கயும் தடுக்கல."

"சரி, என்ன வந்திருக்கு?"

"டாக்டர்கிட்ட பேசிட்டு சொல்றேன்."

முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. எனக்குப் பயம். செயலியில் அவளுக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்தது நான், பாஸ்வேர்டு தெரியும். திருட்டுத்தனமாகப் போட்டுப் பார்த்தேன். தவறு என்று வந்தது.

மாற்றிவிட்டிருக்கிறாள். யார் உதவியும் இல்லாமல். பாஸ்வேர்டு மாற்றும் பக்கமும் நன்றாகவே வேலை செய்கிறது.