என் வைசில் தொங்கிய துண்டு

கூட்டுக்காரா, இன்று காலை விளக்குக்கு ஊற்றும்போது ரேஷன் மண்ணெண்ணெய் கையில் சிந்திவிட்டது. துடைத்தும் வாசனை போகவில்லை. நேற்று உன் பதினாறாம் நாள் சாப்பாட்டை உண்டுவிட்டு வந்த கை. செத்தவனைத் திட்டக்கூடாது என்பார்கள், என்னால் முடியவில்லை.

அந்தப் பழைய ஜெர்மன் சண்டைக் காலத்திலும் இதே வாசனைதான். கரமனை ஆற்றுப் பக்கம் நம் பட்டறை. அரிசி மில் எஞ்சினின் சிலிண்டரில், துளைக்குள் எஃகு டாப்பை இறக்கித் திருகி, திருகாணிக்கு மரை வெட்டிக்கொண்டிருந்தாய். அரைச் சுற்று முன்னால் போனால் கால் சுற்று பின்னால் வரவேண்டும் என்பது உனக்குத் தெரியாததா? கோயம்புத்தூர் மில்லில் வேலை பார்த்தவனாயிற்றே! அவசரக்குடுக்கை, சாப்பாட்டு மணிக்குள் முடிக்கப் பார்த்தாய். டாப்பு ஒடிந்து உள்ளேயே நின்றுவிட்டது. கப்பல் வராத காலம். அந்தச் சிலிண்டர் போனால் வேறு கிடையாது.

டாப்பை ஒடித்தவன் அந்தத் துண்டை நூலில் கட்டி, சரஸ்வதி பூஜை வரைக்கும் தன் மேசையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைசில் தொங்கவிட வேண்டும் என்பது நம் பட்டறை வழக்கம். ஒடித்தவனே தன் கையால் பூஜையில் வைத்தால்தான் பிழை தீரும். பழைய ஆளுக்கு அது வெறும் நாணக்கேடு. புதிதாக வந்த உனக்கோ வேலையே போய்விடும்.

என் கையைப் பிடித்தாய். "மக்கா, அவ மாசமா இருக்கா. ஒடிச்சது நீன்னு சொல்லிரு. பூஜைக்கு முன்ன முதலாளிகிட்ட நானே பறஞ்சிருதேன்."

"ஆரா ஒடிச்சே?" என்று முதலாளி வந்து கேட்டார். நான்தான் என்றேன்.

ஒடிந்த துண்டை வெளியே எடுத்ததும் நான்தான். மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, பழைய சைக்கிள் சக்கரக் கம்பிகளை அராவி, டாப்பின் பள்ளங்களில் ஒவ்வொன்றாக இறக்கி, வெளியே நீண்ட முனைகளைச் சேர்த்துப் பிடித்து எதிர்ப்பக்கம் திருப்பினேன். மயிரிழை அசைந்தால் மறுபடி எண்ணெய். கம்பி முறிந்து உள்ளங்கை கிழிந்தது. துண்டு மேலே வந்தபோது சிலிண்டரில் ஒரு மரைகூடச் சிதையவில்லை. நீ பக்கத்தில் நின்று பார்த்தாய்.

பூஜை வந்தது. நீ வாயைத் திறக்கவில்லை. மேஸ்திரி வேலைக்கு ஆள் தேடிய முதலாளி ஒவ்வொரு வைசாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். என்னுடையதில் துண்டு தொங்கியது, உன்னுடையது சுத்தம். நீ மேஸ்திரி ஆனாய். கேட்டதற்கு, "இனி பறஞ்சா ரெண்டு பேருக்கும் கேடுலே, மிண்டாம இரு" என்றாய். மிண்டாமல், வாயைத் திறக்காமல், உன் கீழேயே இத்தனை காலம் வேலை பார்த்தேன். ஒருநாளாவது சொல்லுவாய் என்று காத்திருந்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நேற்று, பூஜையில் வைக்காமல் நான் எடுத்து வைத்திருந்த அந்தத் துண்டை மடியில் கட்டிக்கொண்டுதான் உன் வீட்டுக்கு வந்தேன். அன்று வயிற்றில் இருந்த உன் மகனிடம் கொடுத்து, நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று. அவன் இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டே சிரித்தான். "மாமா, நீங்க ஒடிச்ச டாப்ப அப்பா சைக்கிள் கம்பி விட்டு எடுத்த கதைய ஆசுபத்திரியிலயும் சொல்லிச் சிரிச்சாரு."

அடப்பாவி! உன் பிழையைத்தான் என் தலையில் கட்டினாய் என்று நினைத்திருந்தேன். என் கைவேலையையும் எடுத்துக்கொண்டாயே!

உன் மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆமா மக்கா, உங்கப்பா இல்லேன்னா அன்னைக்கே என் வேலை போயிருக்கும்" என்றேன்.

துண்டு இன்னும் என் மடியில் கிடந்து உறுத்துகிறது. ஒடித்தவன் கையால்தானே பூஜையில் வைக்க வேண்டும்? அந்தக் கையை எரித்துவிட்டார்கள்.