கெண்டைக்காலின் சிக்னல்

ஒக்டோபர் 16, வியாழன் இரவு

போன வாரம் கிங்ஸ்பரி விளையாட்டு மண்டபத்தில் பட்மின்டன் விளையாடும்போது இடது கெண்டைக்கால் தசை கிழிந்தது. என் மனைவி வாசுகி, எலிகளின் காயம்பட்ட தசை எப்படி ஆறுகிறது என்று பல்கலைக்கழகத்தில் ஆராய்பவள். எலிகளுக்கு மட்டும் கிடைத்த கவனிப்பு அன்றிலிருந்து எனக்கும் கிடைத்தது.

முதல் நாள் ஐஸ் வைக்கப் போனேன். பறித்துவிட்டாள்.

“கிழிஞ்ச தசை இப்ப சிக்னல் அனுப்புதப்பா. அதைக் கேட்டுத்தான் நித்திரையில கிடக்கிற ஸ்டெம் செல் எழும்பிப் புதுத் தசை கட்டும். ஐஸ் வைச்சுக் குழப்பாதேங்கோ.”

“எனக்கு நோகுது வாசுகி. அதுவும் சிக்னல்தான்.”

அது அவள் காதில் விழவில்லை. நாடாவால் காலைச் சுற்றி அளந்தாள். தோழிக்குப் போன் எடுத்து, “என்ன வடிவான வீக்கம் தெரியுமே!” என்றாள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து என்னில் எதையும் அவள் வடிவு என்று சொன்னதில்லை. பிறகு ஒவ்வொரு பின்னேரமும் கட்டில் ஓரத்தில் இருந்து, தேத்தண்ணி ஆறும்வரை கதைத்தாள். காலைப் பார்த்துத்தான் கதைத்தாள். ஆனாலும் கால் என்னோடுதானே இருந்தது.

இன்று அளந்தவளின் முகம் வாடிவிட்டது.

“வீக்கம் வடிஞ்சிட்டுது. இனி அது தன்ர பாட்டில ஆறும்.”

நாடாவைச் சுருட்டிக்கொண்டு தன் கணினிக்கு முன்னால் போய் இருந்துவிட்டாள்.

நோவு இல்லை. நித்திரையும் இல்லை. ஆறியதும் விளையாட வருகிறேன் என்று பட்மின்டன் கூட்டாளிகளுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். வலது கால் இன்னும் முழுதாகத்தான் இருக்கிறது.