குப்பம்மாக்கா கேட்ட அகலம்

என் ரஹ்மத்துக்கு,

நீ இருக்கும் இடத்தில் போன் உண்டோ என்னவோ, இங்கே என் கையை விட்டு அது இறங்குவதில்லை. சின்னப் பிள்ளைகள் இங்கிலீஷ் கற்க மருமகள் போனில் ஒரு விளையாட்டுச் செய்திருக்கிறாள். ஜெயித்தால் அடுத்தது கடினமாகும், தோற்றால் சுலபமாகும். நேற்று நான் தோற்றுக்கொண்டே இருந்ததில் பூனை, நாய் படம் காட்டும் பால பாடத்துக்கு இறங்கிவிட்டது. "நான் ரிட்டயர்டு டீச்சர்!" என்று போனைப் பார்த்துக் கத்தினேன். உடனே குப்பம்மாக்கா ஞாபகம்.

கூலி உயர்வுக்காக விவசாயச் சங்கம் அறுவடையை நிறுத்திய அந்தத் தை மாதம் நினைவிருக்கிறதா? வேலையில்லாத பெண்களுக்கு எழுத்துச் சொல்லித்தர நாம் நெல்லடிக்கும் களத்தில் கட்டத்துக்கு ஓர் எழுத்தாகக் கட்டம் போட்டோம். கட்டங்களை வரிசையாக மிதித்துச் சொல்லைப் படிக்க வேண்டும். அக்கா மட்டும், நாற்று நட்டுக்கொண்டே பின்னால் நகரும் பழக்கத்தில், கடைசிக் கட்டத்திலிருந்து பின்பக்கமாகவே நகர்ந்தார். 'நாகூர்' என்ற சொல் தலைகீழாக வந்தது. களமே சிரித்தது, அக்கா முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டார்.

நாகூரில் அவர் மகளுக்குப் பிரசவ நேரம். அக்காவின் புருஷன் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போயிருந்தார். முந்தின தடவை அக்கா தனியாகக் கிளம்பி, தவறாகக் குடவாசல் பஸ்ஸில் ஏறிவிட்டார். பஸ் பலகையைப் படிக்காமல் எப்படிப் போவார்?

மறுநாள் நீதான் கூட்டிவந்தாய். அவர் நகரும் திசைக்கே எழுத்தைத் திருப்பி, இரண்டே கட்டம் போட்டாய்.

"எனக்கு மட்டும் ஏன் சுலபமா போட்டிருக்கீங்க? நான் என்ன மக்கா?"

"அக்கா, அதிராம்பட்டினத்துக்காரி நான் ஆசைப்பட்டு நடவுக்கு வந்தேன்ல, என் பங்குக்கு நட எவ்வளவு அகலம் விட்டீங்க?" என்றாய்.

"ஒரு முழம். நீங்க புதுசாச்சே."

"நான் கோவிச்சுக்கிட்டேனா?"

"எங்க! மறுநாளே, இன்னும் அகலமா விடுங்கன்னு நின்னீங்க."

சொல்லிவிட்டு அக்காவே சிரித்தார். "அப்ப எனக்கும் ஒரு கட்டம் கூட்டுங்க டீச்சர்."

தினம் கேட்டுக் கேட்டுக் கூட்டிக்கொண்டார். கடைசியில் யாரையும் கேட்காமல் நாகூர் பஸ்ஸில் ஏறினார். பேத்தி பிறந்த கற்கண்டு நம் இருவருக்கும் வந்தது.

இன்று மருமகளிடம் சொன்னேன், "சுலபமாக்குறதைச் சொல்லிட்டுச் செய்யிம்மா. இன்னும் கஷ்டமா வேணும்னு கேக்கவும் ஒரு பட்டன் வை." வைத்துவிட்டாள். 'அகலம்' என்று பெயர்.

ரஹ்மத், நீ கண்மூடிய பிறகு நான் வாசலைத் தாண்டுவதே குறைந்துவிட்டது. மகனும் மருமகளும் பாவம் பார்த்து எந்த வேலையும் சொல்வதில்லை. நாளையிலிருந்து நானே கேட்டு வாங்குவேன். முதலில் நாகூர் பஸ். பலகையைப் படித்துத்தான் ஏறுவேன், சத்தியம்.

கூடப் பிறக்காத உன் தங்கை,
தனம்