உறுப்பினர் எண் இரண்டு

மார்ச் 3, திங்கள்

கொட்டகையை இடிக்கப் போகிறார்களாம். இன்று தையல்காரர் சங்கக் கூட்டத்தில் செயலாளர் சொன்னார். எதிரே எழும்புகிற கட்டடத்தில் எங்களுக்கு இடம் தருவார்கள். ஆனால் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் பெயர் இருப்பவர்களுக்கு மட்டும்தான். பட்டியலைக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் அனுப்ப வேண்டுமாம். அதற்கு ஒரு சாஃப்ட்வேர் வாங்கணும். எதை வாங்குவது என்று முடிவு பண்ண மூன்று பேர் கமிட்டி. செயலாளர், நான், மூக்குக்கண்ணாடி போட்ட அந்தக் கண்ணாடிக்காரி.

பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும்.

மார்ச் 4

எனக்கு எதுவும் மறக்காது. இருந்தாலும் எழுதி வைக்கிறேன். சங்கம் தொடங்கிய அன்று கொட்டகையைத் திறந்து பெருக்கியவள் நான். முதல் பெயர் என்னுடையதாக இருந்திருக்க வேண்டும். நான் நாலாம் வகுப்பு வரைதான் படித்தவள், அவள் எட்டு வரை. அதனால் நீல அட்டை நோட்டு அவள் கைக்குப் போனது. ஒன்று என்று போட்டு அவள் பெயரை எழுதினாள். இரண்டு என்று போட்டு என்னை எழுதினாள். ஏன் என்று கேட்டால், "பேனா என் கையிலதானே இருந்துச்சு" என்று சிரித்தாள். உதட்டில் வெள்ளை நூல் ஒட்டியிருந்தது. அதுகூட ஞாபகம் இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

கம்ப்யூட்டர்காரர் இரண்டு சாஃப்ட்வேர் காட்டினார். ஒன்றில், நோட்டில் இருக்கிற உறுப்பினர் எண்தான் ஆளுக்கு அடையாளம். மற்றதில் அந்த எண்ணே கிடையாது, போன் நம்பர்தான். தட்டினால் திரையில் ஆள் விவரம் வந்து நிற்கிறது.

கண்ணாடிக்காரிக்கு முதலாவதுதான் வேண்டுமாம். வேண்டாமலா இருக்கும்.

"பின் வரிசையில பாதிப் பேருக்குச் சொந்தமா போனே இல்லை," என்றாள். "ஒரே நம்பரை ரெண்டு பேர் கொடுத்தா அது என்ன..."

"உனக்கு ஒண்ணாம் நம்பர் போயிடக் கூடாது. அதானே உன் கவலை?"

"அம்மா, சண்டையை வெளியில வெச்சுக்கலாம்," என்றார் செயலாளர். அவருக்கு இரண்டாவது பிடித்திருந்தது, பார்க்க அழகாக இருக்கிறதாம். நானும் அதற்கே கை தூக்கினேன். முடிந்தது.

கம்ப்யூட்டர்காரர் அவளுக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தார். என் குரலைக் கேட்டு மூடிக்கொண்டார். என்ன சொல்ல வந்தாரோ.

மார்ச் 12

நல்ல தூக்கம்.

மார்ச் 18, செவ்வாய்

பதிவு நடக்கிறது. தாள் கிடையாது. நாம் சொல்லச் சொல்லச் செயலாளர் நேராகத் தட்டுகிறார். முதலில் நான்தான் போய் நின்றேன். பின் வரிசைப் பெண்கள் விழித்தார்கள். வீட்டுக்கு ஒரு போன், அதுவும் புருஷன் கையில் அல்லது மகன் கையில். "என் நம்பரைப் போடுங்க. என்ன சேதி வந்தாலும் நானே வந்து சொல்றேன்," என்றேன். இருபத்திரண்டு பேர்.

"அக்கா, உங்க ஒரு போனுக்கு இருபத்திரண்டு பிள்ளைங்க. எல்லாத்துக்கும் நீங்கதான் பால் கொடுக்கணும்," என்றாள் பின் வரிசையில் பட்டன் ஓட்டை தைக்கிற காஜாக்காரி. கொட்டகையே சிரித்தது.

ஒவ்வொருத்திக்கும் ஒரு வரவேற்புச் சேதி வந்தது. போன் அதிர்ந்து அதிர்ந்து மேஜை மேல் தானாகவே நகர்ந்து கத்தரிக்கோலில் போய் முட்டிக்கொண்டு நின்றது. எனக்கென்னவோ அதைத் தொடப் பிடிக்கவில்லை.

மார்ச் 20

நீல நோட்டைப் பத்திரமாக அலமாரியில் வைக்கச் சொல்லிச் சாவியை என்னிடம் கொடுத்தார் செயலாளர். வைத்தேன். மதியம் எடுத்தேன். துணிப்பையில் போட்டுப் பழைய பேப்பர்காரனிடம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன்.

யாரும் பார்க்கவில்லை. ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை.

மார்ச் 24, திங்கள்

பதிவுக்குக் கடைசி நாள். கண்ணாடிக்காரி மட்டும் பாக்கி. அவள் போன் தண்ணீர் வாளியில் விழுந்து ஒரு மாதமாம். எல்லார் முன்னாலும் சொன்னேன்: "என் நம்பரையே போட்டுக்கோ. எனக்குப் பெரிய மனசு."

அவள் கேட்டாள்:

"அதுல ஏற்கெனவே எத்தனை பேர் இருக்காங்க?"

"உனக்கும் இடம் இருக்கு. பயப்படாதே."

"எனக்காகப் பயப்படலை," என்றாள். கடைசியில் என் நம்பரையே சொல்லிப் பதிந்தாள்.

இது என்ன பேச்சு? வீட்டுக்கு வந்தும் காதிலேயே நிற்கிறது.

ஏப்ரல் 2, புதன்

சங்கத்திலிருந்து சேதி. ஒரே ஒரு தடவைதான் அதிர்ந்தது. அப்பாடா, நிம்மதி. எடுத்துப் பார்த்தால் கண்ணாடிக்காரி பெயரைச் சொல்லி வணக்கம். என் போனில் அவளுக்கு வணக்கம். அழித்தேன்.

ஏப்ரல் 9

மறுபடியும் ஒன்றுதான். மறுபடியும் அவளுக்குத்தான். மற்றவர்களுடையது எங்கே? எனக்கு எங்கே? செயலாளரிடம் கேட்டேன். "மெதுவா வரும்மா. பட்டியலை அனுப்பியாச்சு, கவலைப்படாதீங்க."

பின் வரிசையில் யாரும் என்னிடம் சேதி இருக்கா என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

கட்டட ஆபீஸ் சுவரில் பட்டியல் ஒட்டியிருக்கிறது. காஜாக்காரி விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள். மறுபடி மேலே போனாள். அவள் பெயர் இல்லை. ஓரம் அடிக்கிறவள் பெயர் இல்லை. பின் வரிசையே இல்லை. என் போன் நம்பர் மட்டும் இருக்கிறது. அதற்கு நேரே கண்ணாடிக்காரி பெயர்.

கம்ப்யூட்டர்காரரை வரவழைத்தார்கள். "ஒரு நம்பருக்கு ஒரு ஆள்தாங்க. அதே நம்பர்ல அடுத்தவங்களை ஏத்தினா முன்னால இருந்தவங்க அழிஞ்சிடுவாங்க. அன்னைக்கே அந்தம்மா கேட்டாங்களே," என்றார்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். கண்ணாடிக்காரி மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 22

கட்டட ஆபீசர் நல்ல மனுஷன். "தேதி முடிஞ்சாலும் பரவாயில்லை. சங்கத்தோட பழைய பதிவேடு இருக்கில்ல? வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டாங்க, எல்லாரையும் சேர்த்துடலாம்," என்றார். காஜாக்காரிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "அக்கா, நோட்டு அலமாரியிலதானே இருக்கு? சாவி உங்ககிட்டதானே?"

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? சொல்லித் தொலைத்திருக்கலாமே.

ஏப்ரல் 23

பழைய பேப்பர்காரனிடம் ஓடினேன். "தாளெல்லாம் மில்லுக்கு அரைக்கப் போயிடுச்சும்மா. நீல அட்டையை மட்டும் ஒருத்தங்க கேட்டு வாங்கிட்டுப் போனாங்க."

"யாரு?"

"பேர் தெரியாது. கண்ணாடி போட்டிருந்தாங்க."

ஏப்ரல் 25, வெள்ளி

அலமாரியைத் திறந்து காட்டினேன். காலி. யாரோ எடுத்திருக்க வேண்டும் என்றேன். இடுக்கு, பரண், துணி மூட்டை என்று ஒன்று விடாமல் தேடினார்கள். நானும் சேர்ந்து தேடினேன்.

மே 5, திங்கள்

கொட்டகையின் பின்பக்கச் சுவர் நேற்று விழுந்தது. பெண்கள் மெஷின்களைத் தெருவில் இறக்கி மேலே தார்ப்பாய் போட்டிருக்கிறார்கள். காஜாக்காரி இன்னமும் கேட்கிறாள்: "நோட்டு எங்கேயாவது இருக்கும், இல்லக்கா?"

காலையில் கண்ணாடிக்காரி வந்தாள். "எனக்குக் கொடுத்த இடத்துல ரெண்டு மெஷின் போடலாம். வா," என்றாள். வேண்டாம் என்றேன். அவள் வண்டியில் ஏற்றியிருந்த தன் மெஷினின் இழுப்பறையைக் கொஞ்சம் திறந்தாள். நூல் பாபின்களுக்கு அடியில் நீல அட்டை. மூடினாள்.

"இன்னும் யார்கிட்டயும் சொல்லலை," என்றாள்.

போனேன். ஜன்னல் ஓரத்தில் முதலில் அவள் மெஷின். அடுத்தது என்னுடையது. ஜன்னல் வழியே பார்த்தால் தார்ப்பாய் நேராகத் தெரிகிறது. அங்கிருந்து பார்க்கிறவர்களுக்கும் நான் தெரிவேன். நாள் முழுக்கத் தைத்தோம். அவள் நடுவில் ஒரே ஒரு தடவைதான் பேசினாள், கத்தரிக்கோல் கேட்டு. உடனே எடுத்துக் கொடுத்தேன்.