உங்களைத் தாண்டிப் போன தட்டு

அக்கா,

பேரன் ரெண்டு நாளாக வெளிக்குப் போகவில்லை என்று மருமகள் இன்று காலை உலர்ந்த திராட்சையை வேகவைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாசம் கூடம் வரைக்கும் வந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "என்னங்கத்தை, மயக்கமா வருதா?" என்று கரண்டியோடு ஓடி வந்தாள். ஒன்றுமில்லை, போய் அடுப்பைப் பார் என்று விரட்டினேன். அவளிடம் என்னவென்று சொல்வது. தருமபுரி டவுனில் பிறந்து வளர்ந்த பெண், உங்களை அவள் பார்த்ததுகூட இல்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு நம் சபையில் திருவிருந்து, இயேசுவின் கடைசிப் பந்தி நினைவாக ரொட்டியும் திராட்சை ரசமும் பங்கிடுகிற நாள். முந்தின நாள் நீங்கள் திராட்சையை ஊறவைத்து, வேகவைத்து, மெல்லிய துணியில் பிழிந்து எடுப்பீர்கள். புளிக்காத ரசம்தான் வேண்டும் என்பது சபையின் சட்டம். கசடு ஒரு துளி இறங்கினாலும் மறுபடி வடிகட்டுவீர்கள். போதகர் வீட்டு அடுப்படி முழுக்க அந்த வாசம் நிற்கும். ரொட்டியும் உங்கள் கையால் சுட்டதுதான். மறுநாள் காலையில் அந்த ரொட்டியும் ரசமும் ஊரே பார்க்க உங்களைத் தாண்டிப் போகும். சமைத்தவளுக்குப் பந்தி கிடையாது. இந்த அநியாயத்தை நான் இத்தனை வருஷத்தில் யாரிடம் சொன்னாலும், "அதெல்லாம் அந்தக் காலம்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்.

நீங்கள் வந்தது அறுபதுகளின் நடுவில். பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளி போகிற வழியில் ஓட்டுக்கூரை போட்ட சின்னக் கோயில் நம்முடையது. வெள்ளைக்காரப் போதகர் ஒருவர் கூடாரம் அடித்துப் பிரசங்கம் பண்ண, சில குடும்பங்கள் ஏரியில் முங்கி ஞானஸ்நானம் எடுத்துத் தொடங்கிய சபை. அப்படி முங்கினவர்களுக்குத்தான் திருவிருந்து. பக்கத்து ஊர் மாதா கோயில்காரர்களையும் நம்மையும் ஊர்க்காரர்கள் ஒன்றாகத்தான் நினைத்தார்கள். நம் பெரியவர்களுக்கு அதில் அப்படி ஒரு கோபம் வரும். "அவங்க கைக்கொழந்த தலையில தண்ணி ஊத்தறவங்க, நாங்க புத்தி தெரிஞ்சு முங்குனவங்க" என்பார் என் அப்பா. அப்பா சபைக் காரியங்களைப் பார்த்துக்கொள்கிற மூத்த உதவிக்காரர். வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பிய பிறகு சபையே கூடிப் பேசி, சபையே கைதூக்கி அழைத்த முதல் தமிழ்ப் போதகர் உங்கள் வீட்டுக்காரர். அந்தப் பெருமை எல்லோருக்கும் இருந்தது. அவருடைய மனைவி மாதா கோயில் குடும்பத்துப் பெண் என்பதை யாரும் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

முதல் திருவிருந்து அன்றைக்குத்தான் தெரிந்தது. தட்டு வந்தபோது நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டீர்கள். ஆராதனை முடிந்து அப்பா வந்து, "உடம்புக்கு முடியலீங்களா?" என்று கேட்டார்.

"உடம்பு நல்லாத்தான் இருக்குதுங்க. நான் முங்கலீங்க. எடுத்தா தப்பாச்சே."

பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்று அன்றைக்கே உங்களைத் திட்டினேன். நீங்கள் சிரித்தீர்கள். பிறகுதான் விஷயத்தைச் சொன்னீர்கள். நீங்கள் பிறந்த கொஞ்ச நாளில் உங்கள் அம்மா ஜன்னி கண்டு போய்ச் சேர்ந்துவிட்டாள். சாவதற்கு முன்னால் எழுந்து நடக்கவே தெம்பில்லாமல், ஒரு கட்டை வண்டியில் படுத்தபடி உங்களை மாதா கோயிலுக்குக் கொண்டுபோய்த் தலையில் தண்ணீர் ஊற்ற வைத்தாள். "எங்கம்மா எனக்குன்னு செஞ்சது அது ஒண்ணுதான் புள்ள. இப்ப நான் மறுபடி முங்குனா, அன்னிக்கு அவ செஞ்சது ஒண்ணுமில்லன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும். பந்தி இல்லாம இருந்துக்கறேன். அம்மா இல்லன்னு ஆக்கிக்க முடியாது."

அடுத்த மாதம் பெண்கள் பக்கத்துப் பாயில் உங்கள் பக்கத்தில் என்னை உட்காரச் சொன்னீர்கள். "மத்தவங்க தட்டை நகத்தும்போது என் மூஞ்சிய ஒரு பார்வை பாக்கறாங்க. நீ பாக்க மாட்ட." அன்றிலிருந்து மாதாமாதம், உங்கள் மடிக்கு மேலே கையை நீட்டி அந்தப் பக்கத்துப் பெண்ணிடம் தட்டைக் கொடுப்பது என் வேலையானது. நான் பார்க்கவில்லை என்றா நினைத்தீர்கள்? தட்டு தாண்டும்போது உங்கள் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கும். ஒவ்வொரு மாதமும் பார்த்தேன், அக்கா.

அப்படியே காலம் ஓடியிருக்கும். போதகருக்கு நல்ல பெயர் இருந்தது. நீங்கள் பெண்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தீர்கள், பிரசவத்துக்குக் கூப்பிட்டால் முதல் ஆளாகப் போய் நின்றீர்கள். உங்கள் மகள் பிறந்தபோது அப்பாவே தேன் வாங்கிக்கொண்டு வந்தார். அந்தக் குழந்தைக்கு அம்மை வார்த்து, மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்த அன்றைக்குப் போதகர் ஊரில் இல்லை, சேலத்தில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். குழந்தை பிழைத்ததும் சபையே சந்தோஷப்பட்டது. பிழைத்த கதையை நீங்கள் உங்களோடு வைத்துக்கொண்டிருந்தால் அந்தச் சந்தோஷம் அப்படியே இருந்திருக்கும்.

நம் ஆராதனையில் சாட்சி சொல்ல நேரம் விடுவார்கள். உறுப்பினரோ இல்லையோ, கர்த்தர் செய்த நன்மையை யாரும் எழுந்து சொல்லலாம். நீங்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தீர்கள்.

"அன்னிக்கு இவ பொழைக்க மாட்டான்னு தோணிப்போச்சு. கூப்பிட ஆளில்ல. நானே செம்புல தண்ணி மொண்டு, பிதா குமாரன் பரிசுத்த ஆவி பேரால இவ தலையில ஊத்துனேன். ஊத்துனதும் எனக்கு மனசு அடங்கிருச்சு. விடிஞ்சதும் இவ கண்ணத் தொறந்தா. ஸ்தோத்திரம்."

சாட்சி முடிந்தால் எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. சாகக் கிடக்கிற உயிருக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம் என்பது உங்கள் வீட்டில் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்த பாடம். அதை எந்தச் சபையில் போய்ச் சொல்கிறோம் என்பது உங்களுக்கு உறைக்கவே இல்லை. மேடையில் நின்ற உங்கள் வீட்டுக்காரர் வேதப் புத்தகத்தை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். அவருக்கும் அது அப்போதுதான் தெரியும் என்பது முகத்தைப் பார்த்தாலே புரிந்தது. நீங்கள் மட்டும் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றீர்கள்.

அடுத்த ஞாயிறு சபைக் கூட்டம். உறுப்பினர் அல்லாததால் உங்களுக்கு உள்ளே இடமில்லை. வெளியே வேப்பமரத்தடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தீர்கள். உங்களைப் பற்றிய கூட்டத்துக்கு உங்கள் வீட்டுக்காரரே தலைமை தாங்க வேண்டியிருந்தது. உள்ளே என்ன பேசினார்கள் என்று நீங்கள் கேட்டதே இல்லை. இப்போது சொல்கிறேன். அப்பா எழுந்தார்.

"எனக்கு அந்தம்மா மேல ஒரு கோவமும் இல்லீங்க. நான் ஏரியில முங்குனதுக்கு எங்கப்பன் என்னை வூட்டை விட்டுத் தொரத்துனாரு. அவரு செத்தப்ப கொள்ளி வெக்க வுடல. தூரத்துல கரும்புக் காட்டுக்குள்ள நின்னு பொகையப் பாத்தேன். தலையில செம்புத் தண்ணி ஊத்துனாலும் அதே ஞானஸ்நானந்தான்னா, நான் எதுக்கு அப்பன எழந்தேன்? அதை மட்டும் யாராவது எனக்குச் சொல்லுங்க."

கரும்புக் காட்டுக் கதையை நானே அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டேன். ஒரு பக்கம் உங்கள் அம்மா, இன்னொரு பக்கம் என் தாத்தா. இரண்டு பேரும் செத்துப்போனவர்கள், இரண்டு பேரும் விட்டுக்கொடுப்பதாயில்லை. போதகரம்மா முங்க வேண்டும், இல்லையென்றால் போதகர் சபையை விட்டுப் போக வேண்டும் என்று கேள்வி வைத்தார்கள். ஆமாம் என்பவர்கள் கைதூக்கினார்கள். இல்லை என்று தூக்கிய சில கைகளில் என் கையும் இருந்தது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நீங்கள் முங்க ஒப்புக்கொண்டதைக் கேட்டு எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. "அவரு பொழப்பு போயிடும் புள்ள" என்றீர்கள். அது மழை பொய்த்த வருஷம், ஏரி வெடித்துக் கிடந்தது. கோயிலுக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தொட்டியில், பக்கத்துத் தோட்டக்காரர் ஆயில் இன்ஜின் போட்டுத் தண்ணீர் விட்டார். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு நீங்கள் படியில் இறங்கினீர்கள். இடுப்பளவு தண்ணீரில் உங்கள் வீட்டுக்காரர் நின்றிருந்தார். முங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டார். விசுவாசிக்கிறாயா என்றார். விசுவாசிக்கிறேன் என்றீர்கள். பிறகு கடைசிக் கேள்வி.

"யாருடைய கட்டாயமும் இல்லாம, சொந்த விருப்பத்தோட எறங்கியிருக்கறியா?"

நீங்கள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பாட்டை எடுக்கத் தயாராக நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

"இல்லீங்க," என்றீர்கள்.

அவர் கை உங்கள் முதுகுக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டது. "சும்மா முக்குங்க போதகரே" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அப்போது அப்பா தொட்டியின் விளிம்புக்கு வந்தார்.

"வேண்டாம். அந்தம்மா ஏறி வரட்டும். மனசில்லாதவங்கள முக்கறதுக்கா நாங்க வூட்டை விட்டு வந்தோம்?"

கையை நீட்டி உங்களைப் படியேற்றிவிட்டது அவர்தான். தன் துண்டைத்தான் உங்கள் தோளில் போர்த்தினார். அதைப் பார்த்து எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று. முட்டாள்தனம். "சபை எடுத்த முடிவு முடிவுதான், மாத்த எனக்கு ஏது அதிகாரம்" என்றார் அப்பா. அந்த வாரமே உங்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு பாலக்கோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் மாட்டு வண்டியை அவரே ஓட்டினார். உங்களுக்குப் பிறகு நம் சபைக்கு வெகு காலம் போதகர் அமையவில்லை. சில குடும்பங்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஓசூர்ப் பக்கம் போய்விட்டன. பிரசங்கம் சொல்ல ஆளில்லாமல், அப்பாவே எழுந்து சங்கீதம் வாசித்துவிட்டு உட்கார்ந்த ஞாயிறுகள் உண்டு.

தொப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உங்கள் வீட்டுக்காரருக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. கர்ப்பப்பையில் கட்டி என்று உங்களைச் சேலத்துக்கும் வீட்டுக்கும் அலைக்கழித்த சமயம் நான் பார்க்க வந்தேன். எழுபதுகளின் கடைசி அது. கட்டிலோடு ஒட்டிக் கிடந்தீர்கள். வெளியே லாரிகள் மேடேற முடியாமல் முனகிக்கொண்டிருந்தன. என் பையில் ரொட்டித் துண்டும் சின்ன பாட்டிலில் திராட்சை ரசமும் இருந்தது. முந்தின நாள் நானே செய்தது. எடுத்துக் கட்டில் மேல் வைத்தேன். உங்கள் கண் அதிலேயே நின்றது.

"உங்கப்பா சொல்லி அனுப்பினாங்களா?"

"இல்லக்கா."

"சபையில பேசுனாங்களா?"

"இல்ல. நானாத்தான் கொண்டாந்தேன்."

தொண்டை ஏறி இறங்கியது. பிறகு ரொட்டியை மடித்து என் கையிலேயே வைத்தீர்கள்.

"நீ குடுத்தா அது பலகாரம், புள்ள. சபை குடுத்தாத்தான் பந்தி."

அந்த மாதம் முடியும் முன்னால் நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் அண்ணன்மார் வந்து, தண்ணீர் ஊற்றிய பிள்ளை எங்கள் பிள்ளைதான் என்று உங்களை எடுத்துப்போய், உங்கள் அம்மாவின் பக்கத்திலேயே அடக்கம் பண்ணினார்கள். செய்தி வந்த அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. அவரும் போய் ரொம்ப வருஷமாகிவிட்டது. இப்போது சபைக்கு மாடிக் கட்டடம், மைக், மின்விசிறி எல்லாம் வந்துவிட்டது. வாலிபப் போதகர் ஒருவர் இருக்கிறார். "விசுவாசிக்கிற யார் வேணும்னாலும் எடுக்கலாம்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தட்டை அனுப்புகிறார்.

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. சட்டம் போட்டவர்கள் மேல் கோபம், ஒரே வரியில் அதைக் கழற்றிப் போட்டவர் மேல் அதைவிடக் கோபம். அப்பா மேல் கோபப்பட நினைத்தால் கரும்புக் காட்டில் நிற்கிற பையன்தான் கண்ணுக்குத் தெரிகிறான். கடைசியில் அது உங்கள் மேல்தான் வந்து நிற்கிறது. அன்றைக்கு உங்களைப் பார்த்துவிட்டுப் பஸ்ஸில் திரும்பி வரும்போது, பசி பொறுக்காமல் அந்த ரொட்டியை நானே தின்றேன். நீங்கள் சொன்னது சரிதான், வெறும் ரொட்டியாகத்தான் இருந்தது. சபை தராததை நான் தர முடியாது என்பது எனக்குத் தெரியாமலா கொண்டுவந்தேன்? இருந்தாலும் என் கையிலிருந்து ஒரு துண்டு வாங்கியிருக்கலாம் அக்கா, எனக்காகவாவது.